பத்திரத்தில் அந்த ஒரு வரி இருக்கிறதா?

"பெத்த புள்ளைகிட்ட நான் கண்டிஷன் போடணுமா? ஊரே சிரிக்கும்டி!"

போன வாரம் பாகூரில் எங்கள் ஆயா என்னிடம் சொன்னது. வயது 76. கொஞ்சம் நெல் நிலம், ஓர் ஓட்டு வீடு. இரண்டையும் மாமா பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடுவதென்று முடிவெடுத்துவிட்டார். பத்திர எழுத்தரிடம் வரைவுகூடத் தயார்.

வாங்கிப் பார்த்தேன். அன்பு, பாசம் என்று ஆரம்பித்து, 'இனி எனக்கு இதில் எவ்வித உரிமையும் இல்லை' என்று முடிகிறது. ஆயாவை யார் பார்த்துக்கொள்வது, மருந்துச் செலவு யாருடையது, கடைசிவரை அந்த வீட்டில் இருக்கலாமா... ஒரு வரி இல்லை.

"இதுக்குன்னு தனியா வக்கீல் இருப்பாங்களா?" என்றார் அம்மா. அமெரிக்காவில் இருக்கிறார்கள். முதியோர் விஷயங்களை மட்டுமே பார்க்கும் வக்கீல்கள். வில்லியனூரில் அப்படி ஒரு போர்டைத் தேடி அலைய வேண்டாம். பத்திரம், உயில், பாகப்பிரிவினை பார்க்கும் சிவில் வக்கீலே போதும். ஆனால், பதிவுக்கு முன்பே போக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகம் போய் வந்த பிறகு போனால், அது வேறு கதை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதன் 23-வது பிரிவுதான் இங்கே முக்கியம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம்.

நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டால்? இங்கேதான் சிக்கல். அப்படி ஒரு நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் தாய் தோற்றார். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவர் அதே நீதிமன்றத்தில் ஜெயித்தார். கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் தனியாக எழுதிக்கொடுத்த தாள் அவர் கையில் இருந்தது.

அடுத்து 2025 மார்ச்சில், நாகப்பட்டினத்தைச் சேர்ந்த 87 வயது அம்மாவின் வழக்கு. மகனுக்கு எழுதிக்கொடுத்தார், மகன் இறந்தார், மருமகள் கவனிக்கவில்லை. அன்பும் பாசமுமே நிபந்தனைதான், தனியாக எழுதியிருக்கத் தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. புதுச்சேரிக்கும் அதுதான் உயர் நீதிமன்றம். நல்ல தீர்ப்புதான். ஆனால் 87 வயதில் ஒருவரின் வழக்கு உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்ததே! வரைவிலேயே இரண்டு வரி சேர்த்துவிட்டால் அந்த அலைச்சல் பெருமளவு குறையும்: ஆயுள்வரை வீட்டில் இருக்கும் உரிமை ஆயாவுக்கு, பராமரிப்பு மாமா பொறுப்பு. இல்லையென்றால் உயில். உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், முத்திரைத்தாளும் தேவையில்லை.

"பவர் எழுதிட்டா போதாதா?" என்று சித்தி கேட்டார். பலரும் நினைப்பதுதான். மறதி நோய் முற்றி, எழுதிக்கொடுத்தவரின் மனநிலை தவறிவிட்டால் நம்மூர்ச் சட்டப்படி பவரும் செத்துவிடும். சரியாக அது தேவைப்படும் நேரத்தில்!

வக்கீல் ஃபீஸ் பயமா? சட்டப் பணிகள் ஆணையத்தை 15100-ல் அழைக்கலாம். பெண் என்றால் வருமான வரம்பே கிடையாது, இலவச வக்கீல் உண்டு.

பிரச்னை ஏற்கெனவே முற்றிவிட்டவர்களுக்கு: தீர்ப்பாயத்துக்கு வக்கீல் தேவையில்லை. சொல்லப்போனால், 17-வது பிரிவு வக்கீல் வாதாடவே கூடாது என்கிறது (அந்தத் தடை செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது தனிக்கதை). பெரியவரே மனு கொடுக்கலாம், முடியாவிட்டால் அவர் சார்பில் வேறொருவர் கொடுக்கலாம். ஜீவனாம்ச மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும். வில்லியனூர், பாகூர்க்காரர்கள் வில்லியனூர் சப் கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். வழி தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567.

மாமாவிடம் அந்த இரண்டு வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இதுல என்னம்மா இருக்கு, சேத்துக்க" என்று உடனே பதில் வந்தது.

ஆயாதான் இன்னும் சம்மதிக்கவில்லை. "ஆடி போவட்டும், பாக்கலாம்" என்கிறார். வரைவு இப்போதைக்கு அம்மாவின் பீரோவில் இருக்கிறது.