கூர்நோக்கு இல்லத்துக்கு யார் போகிறார்கள்?



குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து யாராவது தப்பி ஓடினால் மறுநாளே நாளிதழில் வந்துவிடுகிறது. ஓடாமல் உள்ளேயே இருப்பவர்களைப் பற்றிச் செய்தி வருவது, அதைவிட மோசமாக ஏதாவது நடந்தால்தான். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டில், திருட்டு வழக்கில் கொண்டுவரப்பட்ட 17 வயதுப் பையன் அடிபட்டு இறந்தான். ஊழியர்கள் கைதானார்கள். இல்லங்களின் நிலையை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு நியமித்தது.

சட்டத்தில் ஓட்டையோ என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தைப் புரட்டினால், அப்படிச் சொல்ல முடியவில்லை. குற்றம் சாட்டும் தொனியில் ஒரு சொல்கூடப் பிள்ளைகள் மீதான விசாரணையில் வரக் கூடாது என்கிறது மூன்றாம் பிரிவு. லாக்கப்பும் சிறையும் அறவே கூடாது. பிடிபட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஜாமீனை மறுத்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது 12ஆம் பிரிவின் கடைசி வரி. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஒரு பிள்ளை உள்ளேயே கிடந்தால், அவனை மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவந்து நிபந்தனையை மாற்ற வேண்டும். கையெழுத்துப் போட ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகளை யாரோ நினைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இத்தனையும் வெளியே இருந்து ஒருவர் உள்ளே போய்ப் பார்த்தால்தான் உயிர் பெறும். அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. குழுமம் மாதம் ஒருமுறையாவது இல்லத்தைப் பார்வையிட வேண்டும். ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் அடங்கிய ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். பதிவேட்டில் கையெழுத்திட்டு, கண்காணிப்பாளர் அறையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினாலும் காகிதத்தில் அது ஆய்வுதான்! பையனைத் தனியே உட்காரவைத்து, ஊழியர் காதுக்கு எட்டாமல், "நேத்து ராத்திரி சாப்பிட்டியா, யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்கப் பொறுமை வேண்டும். அவன் உடனே பதில் சொல்லிவிட மாட்டான். அதே முகம் அடுத்த மாதமும் வந்தால் ஒருவேளை சொல்வான்.

குழந்தைகளுக்கென்று இந்தியாவில் முதலில் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான், 1920இல். அந்தப் பெருமையைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, மாதந்தோறும் உள்ளே போக வேண்டிய அந்தக் குழுமத்தின் அமைப்பு. அதில் ஒரு நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குழந்தைகளின் கல்வி, சுகாதாரம், நலப்பணி இவற்றில் ஏழு ஆண்டு உழைத்தவர்கள் இந்தப் பொறுப்புக்கு வரலாம். நம் வாசகர்களில் ஆசிரியர்களும் செவிலியர்களும் ஏராளம் என்று உங்கள் கடிதங்களிலிருந்து தெரிகிறது. உங்கள் மாவட்டத்தில் அறிவிப்பு வரும்போது, வயது வரம்பைப் பார்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்