கேட்டவர் பெயர் ஊருக்கே தெரியும், வாங்கியவர் பெயர் மட்டும் ரகசியமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் கழிப்பறைப் பழுதுபார்ப்பு முடிந்துவிட்டதாகக் கணக்கு எழுதியாயிற்று. கதவு புதிது, பெயிண்ட் புதிது. குழாயில் தண்ணீர் வராது. தரைக்கு வாட்டம் வைக்காததால் ஊற்றுகிற தண்ணீர் அங்கேயே நிற்கிறது. பெண் பிள்ளைகள் பள்ளி விடும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு பெற்றோர் உறுப்பினர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதை இந்தக் குழுவின் வேலைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. கூட்டத்தில் கேட்டேன். "அது ஒன்றியத்து வேலை, எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். சரி என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பணியின் மதிப்பீடு, செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகல், பட்டுவாடா செய்த தொகை, வேலையை எடுத்தவரின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் பதிவு அஞ்சலில் மனு அனுப்பினேன்.

அலுவலகத்திலிருந்து பதில் வருவதற்கு முன்பே ஒப்பந்ததாரர் வீட்டு ஆள் ரேஷன் கடை வரிசையில் வந்து நின்றார். "என்னக்கா, மனுவெல்லாம் போட்டிருக்கீகளாம்? எங்ககிட்டக் கேட்டா சொல்ல மாட்டமா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அடுத்த வாரம் பள்ளியில், "பாப்பா இன்னும் ரெண்டு வருஷம் இங்கதானே படிக்கணும்" என்று ஒருவர் சொன்னார். அவரும் அக்கறையாகத்தான் சொன்னார். என் மனுவில் இருந்த பெயரும் முகவரியும் இவர்களுக்கு எந்தத் தபாலில் போயின?

பிறகு அலுவலகத்தின் பதில் வந்தது. வேலையை எடுத்தவரின் பெயரைத் தர இயலாதாம், அது 'தனிநபர் தகவல்' என்பதால் அந்தச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவின்கீழ் விலக்கு அளிக்கப்பட்டதாம். அரசுப் பணத்தை வாங்கியவரின் பெயருக்கு அந்தரங்கம் உண்டு. அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்டவளின் பெயருக்குக் கிடையாது. இதைக் கண்டிக்கத்தான் இந்தக் கடிதம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவு தெளிவாக இருக்கிறது. மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை. தொடர்புகொள்ள வேண்டிய விவரம் தவிர வேறெந்தச் சொந்த விவரமும் தரத் தேவையில்லை. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு தீர்ப்பில், மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்ற பொருளில் எழுதிவிட்டு, சட்டம் வேறு மாதிரி சொல்வதைக் கண்டு சில நாட்களுக்குள் தானாகவே அந்தப் பத்திகளை நீக்கியது. நீதிபதிகள் திருத்திக்கொண்ட கேள்வியை எங்கள் ஒன்றிய அலுவலகத்து மேசையில் இன்றைக்கும் கேட்கிறார்கள்: "எதுக்கும்மா உங்களுக்கு இது? பின்னாடி யாரு இருக்கா?"

முகவரியைப் பற்றியும் நீதிமன்றம் பேசியிருக்கிறது. மனுதாரரின் முழு முகவரியை வற்புறுத்த வேண்டாம், அஞ்சல் பெட்டி எண் போதும் என்று 2013 நவம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. ஒன்றிய அரசின் பணியாளர் துறையும் 2014 ஜனவரியில் அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. அஞ்சல் பெட்டி எண் நகரத்தில் இருப்பவர்களுக்குச் சரி. எங்கள் ஊரில் தபால்காரர் கடித உறையைப் பார்க்காமலே யார் வீட்டுக்கு என்று சொல்வார். இங்கே மனுதாரருக்கு இருக்கக்கூடிய ஒரே பாதுகாப்பு, மனுவை வாங்கும் எழுத்தர் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான்.

இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தை நினைத்துப் பார்க்கட்டும். திருமயம் பகுதியில் சட்டவிரோதக் கல்குவாரிகளை எதிர்த்து அதிகாரிகளிடம் மனு கொடுத்துவந்த முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர் ஜகபர் அலி, 2025 ஜனவரி 17 அன்று லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு இங்கே மனு எழுத உட்காரும் யாருக்கும் மனைவியோ அம்மாவோ அந்தப் பெயரை நினைவுபடுத்தாமல் இருப்பதில்லை. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்த அந்தச் சட்டம் இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை.

இப்போது மறுபக்கத்துக்கு, வேலையை எடுத்தவரின் பெயரை மறைத்ததற்கு, வருகிறேன். 8(1)(ஒ) பிரிவு முன்பு இப்படி இருக்கவில்லை. பொதுச் செயல்பாட்டுக்குத் தொடர்பில்லாத அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் அநாவசியமாகத் தலையிடும் சொந்தத் தகவலை மட்டுமே மறுக்கலாம், பொது நலன் பெரிதென்றால் அதையும் தரலாம் என்று இருந்தது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் கூடவே இருந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தனையையும் வெட்டிவிட்டு, தனிநபர் பற்றிய தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கியது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் அமலுக்கும் வந்துவிட்டது. 8(2) பிரிவில் பொது நலன் என்கிற கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது, ஆனால் அதை வட்டார அளவில் எந்த அலுவலர் எங்களுக்காகத் தேடித் திறக்கப்போகிறார்? தில்லியில் வெட்டிய நான்கு வரி, எங்கள் ஊர்க் கழிப்பறைக்குள் இப்படி வந்து நிற்கிறது.

பெயர் இல்லாத கணக்கு கணக்கே அல்ல என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிறப்பே சொல்லும். ராஜஸ்தானில் அருணா ராய் முதலானோரின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற சிற்றூரில் மக்களைக் கூட்டி ஊராட்சிப் பணிகளின் கணக்கை உரக்கப் படித்தது. அப்படி நடந்த கூட்டங்களில் வருகைப் பட்டியலில் இருந்த பெயர்களைப் படிக்கப் படிக்கத்தான், வேலைக்கே போகாதவர்கள் பெயரிலும் செத்துப்போனவர்கள் பெயரிலும் கூலி எடுத்தது வெளியே வந்தது. பெயரை அடித்துவிட்டுத் தொகையை மட்டும் படித்திருந்தால் அங்கே யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. அந்த ஊர்க்காரர்கள் தொடங்கிவைத்ததுதான் 2005 அக்டோபர் 12 அன்று நாடாளுமன்றச் சட்டமாக நடைமுறைக்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாடு அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997இல், சொந்தமாக ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம். விலக்குகள் மலிந்த சட்டம்தான் அது, இருந்தாலும் முந்திக்கொண்ட பெருமை நமக்கு உண்டு. அந்தப் பெருமைக்காரர்களின் அலுவலகத்தில்தான் மனுதாரரின் பெயர் ஒப்பந்ததாரருக்குப் போகிறது.

அதிகாரிகள் தரப்பில் ஒரு நியாயம் சொல்வார்கள். மனு போட்டே பிழைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், தகவலை வாங்கிக்கொண்டு ஒப்பந்ததாரரிடம் பேரம் பேசுகிறார்கள் என்பார்கள். உண்மைதான், எங்கள் வட்டாரத்திலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அதற்கான மருந்து 2005 சட்டத்தின் 4ஆவது பிரிவிலேயே இருக்கிறது. திட்டங்கள், ஒதுக்கீடு, உத்தேசச் செலவு, பட்டுவாடா செய்த தொகை பற்றிய அறிக்கை எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டம் இயற்றிய 120 நாட்களுக்குள் செய்திருக்க வேண்டிய வேலை அது. பள்ளிச் சுவரில் மதிப்பீடு எவ்வளவு, எடுத்தவர் யார், கொடுத்தது எவ்வளவு, எந்த வேலைக்கு என்ன அளவு என்று எழுதிவைத்துவிட்டால் பேரம் பேசுபவன் எதை விற்பான்? மறைத்து வைப்பதால்தான் தகவலுக்கு விலை வருகிறது.

எங்கள் ஊரில் கேட்ட தகவல் கிடைப்பது இன்னும் அவசரம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போய்விட்டது. முன்பு தலைவர் வீட்டுத் திண்ணையில் போய்ச் சண்டை போட்டாவது கேட்க முடிந்தது. வார்டு உறுப்பினரை வழியில் மறித்துக் கேட்க முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத இடத்தில் எழுத்து மூலம் கேட்பது ஒன்றுதான் எங்களுக்கு மிச்சமிருக்கிறது.

பள்ளித் தரப்பைப் பற்றியும் ஒன்று. பராமரிப்பு மானியச் செலவையும் குழுத் தீர்மானங்களின் நகலையும் பள்ளிக்குத் தனி மனுவாகக் கேட்டிருந்தேன். "வட்டாரக் கல்வி அலுவலகத்தை அணுகவும்" என்று ஒரு வரியில் மனுவைத் திருப்பிவிட்டார்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாட்களுக்குள் இவர்களே மனுவை அங்கே அனுப்பிவிட்டு எனக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 6(3). மனுதாரரை அலையவிடச் சொல்லும் பிரிவு எதுவும் சட்டத்தில் இல்லை. அதுவும், நான் உறுப்பினராக உட்கார்ந்த கூட்டத்தின் தீர்மானத்தைக் காட்ட எனக்கு யாருடைய அனுமதி வேண்டும்?

இரண்டு பதில்களுக்கும் மேல்முறையீடு அனுப்பிவிட்டேன். முதல் மேல்முறையீட்டை விசாரிப்பவர் அதே துறையின் மூத்த அலுவலர். 30 நாட்கள், நீட்டித்தால் 45 நாட்கள் அவருக்கு அவகாசம். அதற்குள் அவர் ஒன்றும் செய்யாவிட்டால் சட்டத்தில் அவருக்குத் தண்டம் எதுவும் இல்லை. நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்ற அபராதம் தகவல் அலுவலருக்கு மட்டும்தான். அதையும் மாநிலத் தகவல் ஆணையம்தான் விதிக்க வேண்டும். ஆணையம் சென்னையில் இருக்கிறது.

ஆகவே உங்கள் இதழ் வழியாக மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் மூன்று கோரிக்கைகள். மனுதாரரின் பெயரை, முகவரியை மூன்றாம் நபருக்குச் சொல்லும் ஊழியர் மீது துறை நடவடிக்கை உண்டு என்று ஒன்றிய அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் எழுத்தில் உத்தரவு போகட்டும். பொதுப்பணத்தில் வேலை எடுத்தவரின் பெயர் 8(1)(ஒ) பிரிவில் அடங்காது என்பதை ஆணையம் தெளிவுபடுத்தட்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் பள்ளிக் கட்டட வேலைகளின் மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தையும் மேசையில் வைக்கட்டும். தரைக்கு வாட்டம் வைத்ததாக அதில் எழுதியிருந்தால், ஒரு குடம் தண்ணீரோடு வந்து நாங்களே சரிபார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.