தழும்பைப் பற்றியே ஏன் கேட்கிறோம்?

பெண் பிள்ளை ஒருத்திக்கு எரிகாயம் பட்டுவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "தழும்பு விழுமா?" என்பதுதான். காயம் எவ்வளவு ஆழம், விரல் மடங்குமா, கழுத்து நிமிருமா என்பதெல்லாம் பிறகுதான். இந்த வரிசை தவறு என்பது என் கருத்து. உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் என்ற வகையில், ஏன் தவறு என்பதையும் சொல்ல வேண்டும்.

நமது தோலில் மேற்றோல், உட்தோல் என இரண்டு படைகள் உள்ளன. சுடுநீர் மேலோட்டமாகப் பட்டால், உட்தோலின் ஆழத்திலுள்ள மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் தப்பிவிடும். அவற்றின் சுவர்க் கலங்கள் பெருகி மேலே வந்து, இரண்டு மூன்று வாரங்களில் காயத்தை மூடிவிடும். உட்தோல் முழுவதும் வெந்துவிட்டாலோ நிலைமை வேறு. அப்போது ஓரங்களிலிருந்துதான் புதுத்தோல் ஊர்ந்து வர வேண்டும். அதுவரை உடல் சும்மா இருப்பதில்லை. காயத்தின் விளிம்புகளை ஒன்றையொன்று நோக்கி இழுக்கத் தொடங்கும். முதுகில் என்றால் இந்த இழுப்பு பெரிதாகத் தெரியாது. கழுத்தில் என்றால் நாடி நெஞ்சோடு இழுபடும். கையில் என்றால் விரல்கள் கோணிப்போகும். "தானாக ஆறட்டும்" என்று விட்டால் ஆறும்தான், ஆனால் இப்படித்தான் ஆறும்.

என் சாச்சியின் மகளுக்கு நடந்ததும் இதுவே. நோன்புக் கஞ்சிப் பானை சரிந்து வலது புறங்கை வெந்தது. கஞ்சி தண்ணீரைப் போல வழிந்தோடாது. ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்றார் வைத்தியர். "என்ட தோல எடுங்க டொக்டர், புள்ளைட தொடையில கை வெக்காதீங்க" என்று சாச்சி அழுதார்.

தாயின் தோல் கூட நிலைக்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கிளாஸ்கோ நகரில், எரிகாயப்பட்ட ஒரு பெண்ணுக்கு அவளுடைய சகோதரனின் தோலை ஒட்டினார்கள். முதலில் ஒட்டியது சில வாரங்களில் அழிந்தது. இரண்டாம் முறை ஒட்டியது அதைவிட விரைவாக அழிந்தது. உடல் அந்நியத் தோலை அடையாளம் கண்டு நினைவிலும் வைத்துக்கொள்கிறது என்று 1943இல் எழுதியவர்களில் ஒருவரான பீட்டர் மெடவார் 1960இல் நோபல் பரிசு பெற்றார். உருவொத்த இரட்டையரைத் தவிர, எவருக்கும் தன் தோல்தான் தனக்கு.

சாச்சி பயந்த தொடைக் காயம் உண்மையில் சிறியது. எடுக்கப்படும் தோல் அரை மில்லிமீற்றரை விட மெல்லியது. மயிர்க்கால்கள் அங்கேயே தங்கிவிடுவதால் அந்த இடம் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் குடும்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, "நாளைக்குக் கலியாணம் பேச வேணுமே" என்று பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். ஆறு வாரம் எண்ணெய் பூசினார்கள். காயம் மூடியது. கையைப் பொத்த முடியவில்லை, பேனை பிடிக்கவும் முடியவில்லை. பிறகு தழும்பை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்தே ஒட்டினார்கள். தவிர்க்க நினைத்த தொடைத் தழும்பும் வந்தது, இடையில் ஒரு பாடசாலைத் தவணையும் போனது.

ஒட்டிய தோல் பிடிக்கும் விதம் எனக்கு இன்றும் வியப்புத்தான். முதல் இரண்டு நாட்கள் அதற்கு இரத்த ஓட்டமே கிடையாது. கீழிருந்து கசியும் நீரை உறிஞ்சியே உயிரோடிருக்கும். அதன்பின் அடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதனுடன் இணையும். ஒரு வாரத்துக்குள் இளஞ்சிவப்பாகும். இடையில் கீழே இரத்தமோ சீழோ தேங்கினாலும், தோல் சற்று நகர்ந்தாலும் அது இறந்துவிடும். பார்க்க வரும் உறவினர்கள் "எப்படி இருக்கு, பார்ப்போம்" என்று கட்டை விலக்குவது அன்பால்தான் என்றாலும், தயவுசெய்து வேண்டாம்.

ஒட்டினால் தழும்பே இராது என்று நான் சொல்லவில்லை. நிறம் மாறியிருக்கும், வியர்க்காது, வறண்டுபோகும், எண்ணெய் தடவ வேண்டும். ஒட்டிய தோலும் மாதக்கணக்கில் சுருங்கப் பார்க்கும். அதனால்தான் இறுக்கமான கையுறையும் தினசரிப் பயிற்சியும்.

எரிந்தவுடன் செய்ய வேண்டியதோ எளிது: ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, முட்டை எதுவும் வேண்டாம். வைத்தியசாலையில் பெற்றோர் கேட்க வேண்டியவை: காயம் எவ்வளவு ஆழம்? மூன்று வாரத்துக்குள் தானாக மூடுமா? மூடாவிட்டால் எப்போது ஒட்டுவீர்கள்? தழும்பைப் பற்றி நான்காவதாகக் கேட்கலாம்.

சாச்சியின் மகள் இப்போது நாளில் 23 மணித்தியாலம் அந்தக் கையுறையோடுதான் இருக்கிறாள். இன்னும் பல மாதம் போட வேண்டும். வகுப்பில் அதைக் கழற்றிக் காட்டச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்களாம். மூன்றாவது பிள்ளை அவளுக்குக் குறிப்பெழுதிக் கொடுத்தாளாம்.