ஜெல் நகம் காய்வதில்லை, இறுகுகிறது

எஸ்பிஎம் தேர்வு முடிந்து முடிவு வரும்வரை உள்ள மாதங்களில் கைச்செலவுக்குச் சம்பாதிக்க வழி தேடும் மாணவிகள் சிலர், இப்போது நகம் அலங்கரிக்கும் வேலையில் இறங்குகிறார்கள். தீபாவளி, திருமணக் காலங்களில் இந்த வேலைக்கு நல்ல கிராக்கி. விளக்கு, மின் அரம், நாற்பது நிற ஜெல் புட்டிகள் எல்லாம் அடங்கிய பெட்டி இணையத்தில் மலிவாகவே கிடைக்கிறது. அந்தப் பெட்டியின் மேல் இரண்டு எண்கள் பெரிதாக இருக்கும். விளக்குக்கு 48 வாட் என்றும், அரத்துக்கு நிமிடத்துக்கு 35,000 சுழற்சி என்றும் போட்டிருப்பார்கள். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. காரணம் உங்கள் ஐந்தாம் படிவ வேதியியல் புத்தகத்தில், பாலிமர் பாடத்தில் இருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். "ஜெல்லை விளக்கில் காய வைக்கிறோம்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். சாதாரண நகப்பூச்சு காய்வது உண்மை. அதிலுள்ள கரைப்பான் காற்றில் ஆவியாகப் போகிறது, நிறம் தங்கிவிடுகிறது. ஜெல்லில் ஆவியாக வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அதில் இருப்பவை அக்ரிலேட், மெத்தக்ரிலேட் வகையைச் சேர்ந்த சிறு மூலக்கூறுகள். கூடவே ஒளிதூண்டி என்ற பொருள் சிறிதளவு இருக்கும். சரியான அலைநீளமுள்ள ஒளி பட்டதும் அந்தத் தூண்டி உடைந்து, ராடிகல் எனப்படும் துடிப்பான துணுக்குகளைத் தருகிறது. அவை அக்ரிலேட்டின் இரட்டைப் பிணைப்பைத் திறக்க, ஒன்று அடுத்ததைப் பிடிக்க, அது அதற்கடுத்ததைப் பிடிக்க, சில விநாடிகளில் வலைபோல் பின்னிய பிளாஸ்டிக் உருவாகிறது. இது வெப்பம் உமிழும் வினை. தடிமனாகப் பூசி விளக்கில் கையை வைத்தால் விரல் சுரீரென்று சுடுவது அதனால்தான். மேலே பிசுபிசுப்பாக ஒரு படலம் மிஞ்சுவதற்குக் காரணம் காற்றிலுள்ள ஆக்சிஜன். அது மேற்பரப்பில் ராடிகல்களை விழுங்கிவிடுகிறது.

இப்போது 48 வாட்டுக்கு வருவோம். வாட் என்பது அந்த விளக்கு இழுக்கும் மின்சாரத்தைக் குறிக்கும் எண். நகத்தின் மேல் எவ்வளவு ஒளி விழுகிறது, எந்த அலைநீளத்தில் விழுகிறது என்பதை அது சொல்லாது. எல்இடி நக விளக்குகள் பெரும்பாலும் 365, 405 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைத் தருபவை. ஒவ்வொரு தூண்டியும் தனக்கென ஒரு அலைநீள வரம்பில்தான் நன்றாக ஒளியை உறிஞ்சும். ஒரு நிறுவனத்தின் ஜெல்லையும் இன்னொரு நிறுவனத்தின் விளக்கையும் சேர்த்தால் பூட்டு ஒன்று, சாவி ஒன்று என்றாகிவிடலாம். கறுப்பு, வெள்ளை போன்ற அடர்ந்த நிறங்களில் சிக்கல் இன்னும் கூடும். நிறமிகள் ஒளியை மேலேயே தடுத்துவிடுவதால் அடிப்பகுதிக்குப் போதிய ஒளி போய்ச் சேராது.

பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது, அதுதான் தொல்லை. கணிசமான மூலக்கூறுகள் இணையாமல் இருக்கும்போதே ஜெல் தொட்டால் கெட்டியாகவும் பளபளப்பாகவும் இருக்கும். வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்துவிட்டுப் போவார். இணையாமல் மிஞ்சியவைதான் தோலுக்கு எதிரி. அவற்றில் பேர் பெற்றது ஹைட்ராக்சிஎத்தில் மெத்தக்ரிலேட், சுருக்கமாக ஹெமா. தோலில் திரும்பத் திரும்பப் படும்போது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு அதைப் பகைவனாக நினைவில் வைத்துக்கொள்கிறது. விரல் நுனி அரிக்கும், வெடிக்கும், நகம் சதையிலிருந்து கழன்றுகொள்ளும். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பல் அடைக்கும் பசையும், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் பயன்படும் எலும்புச் சிமெண்டும் இதே குடும்பத்துப் பொருள்கள். பதினேழு வயதில் நகத்துக்காக வாங்கிக்கொண்ட ஒவ்வாமை, ஐம்பது வயதில் பல் மருத்துவரின் நாற்காலியில் குறுக்கே வந்து நிற்கலாம்.

பல் மருத்துவத்துக்கும் நகத்துக்கும் உள்ள உறவு பழையதுதான். 1950களில் ஃபிரெட் ஸ்லாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், உடைந்துபோன தம் நகத்தைப் பல் செய்யும் அக்ரிலிக்கைக் கொண்டு ஒட்டினார் என்றுதான் செயற்கை நகத்தின் வரலாற்றைத் தொடங்குகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெமா உள்ள நகப் பொருள்களைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று 2021 முதல் கட்டுப்படுத்தியது. டிபிஓ என்ற ஒளிதூண்டியை அழகுப் பொருள்களில் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்தது. விலங்குகளுக்கு வாய்வழியாக அதிக அளவு கொடுத்த சோதனைகளின் அடிப்படையில், இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடிய பொருள் என அது வகைப்படுத்தப்பட்டிருந்தது. நகத்தில் பூசியவர்கள் அலற வேண்டியதில்லை. ஆனால் தூண்டியை மாற்றினால் தேவைப்படும் ஒளியும் மாறலாம். புதிய புட்டியை வாங்கிப் பழைய விளக்கில் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "ஹெமா இல்லை" என்ற சீட்டைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். மற்ற அக்ரிலேட்டுகளும் ஒவ்வாமை தரக்கூடியவையே.

மருதாணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் சாயம் நகத்தின் கெராட்டினோடு சேர்ந்துவிடும், நகம் வளர்ந்து வெட்டப்படும்வரை போகாது. ஜெல் மேலே ஒட்டி நிற்கும் பிளாஸ்டிக், அதை எடுத்தாக வேண்டும். எப்படி எடுப்பது என்பதை ஜெல்லை வாங்கும்போதே முடிவு செய்துவிடுகிறீர்கள். ஜெல் பாலிஷ் வகையில் பின்னல் நெருக்கம் குறைவு. அசிட்டோன் உள்ளே நுழைந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் அதை உரித்துவிடும். ஹார்ட் ஜெல்லில் பின்னல் நெருக்கமாக இருப்பதால் அசிட்டோன் நுழையாது, அரத்தால் ராவித்தான் எடுக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் அசிட்டோனில் கரையும் வகையோடு நிற்பதே நல்லது என்பேன்.

அரத்துக்கு வருவோம். கடைகளில் இதை டிரில் என்பார்கள். 35,000 சுழற்சி என்றால் என்ன என்று நீங்களே கணக்குப் போடலாம். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிட்டின் சுற்றளவு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 35,000 சுற்று என்றால் விநாடிக்கு 583. பெருக்கினால் பிட்டின் விளிம்பு விநாடிக்கு 11 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் நகத்தை உரசுகிறது. அந்த நகத்தின் தடிமனோ ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான்! இதே சுழற்சியில் 2 மில்லிமீட்டர் பிட்டைப் போட்டால் வேகம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆகவே பிட்டின் அளவைச் சொல்லாமல் சுழற்சியை மட்டும் சொல்வது பாதிக் கணக்கு.

மறு பாதி முறுக்கு விசை. மலிவான மோட்டார் காற்றில் வேகமாகச் சுழலும், நகத்தில் பட்டதும் தளர்ந்துவிடும். உடனே கை தானாக அழுத்தும். அழுத்தம் கூடினால் உராய்வு கூடும், வெப்பம் கூடும். பிட் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் நகத்தில் பிறைபோல் சிவந்த பள்ளம் விழும். தொழிலில் இருப்பவர்கள் அதை "ரிங் ஆஃப் ஃபயர்" என்பார்கள். விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. அடிப்பகுதியில் விழுந்த பள்ளம் வெளியேறச் சில மாதங்கள் ஆகும். நல்ல அரம் குறைந்த வேகத்திலும் தளராது, அதிராது, இரண்டு திசையிலும் சுழலும். பிட்டின் தண்டு 2.35 மில்லிமீட்டர் என்ற வழக்கமான அளவில் இருந்தால் பிட்களைத் தேர்ந்தெடுத்து வாங்கலாம். உலோகப் பிட்டைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்ய முடியும். மணல்தாள் வளையம் ஒருவருக்கு ஒன்று, பிறகு குப்பைத் தொட்டிக்கு.

விளக்கும் அரமும் சந்திக்கும் இடத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. சரியாக இறுகாத ஜெல்லை அரத்தால் ராவினால், இணையாத அக்ரிலேட்டைச் சுமந்த தூசு பறக்கிறது. வாடிக்கையாளர் சில வாரங்களுக்கு ஒருமுறை வந்து போகிறார். வேலை செய்பவரின் விரலிலும் மணிக்கட்டிலும் முகத்திலும் அது நாள்தோறும் படிகிறது. மெல்லிய கையுறையை இந்த மூலக்கூறுகள் சில நிமிடங்களில் கடந்துவிடும் என்பதால், ஜெல் பட்ட கையுறையை உடனே மாற்ற வேண்டும்.

விளக்கின் புற ஊதாக் கதிர் பற்றிய பயம் இதைவிட அதிகம் பேசப்படுகிறது. 2023இல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 20 நிமிடம் கதிர் பட்ட செல்களில் 20 முதல் 30 விழுக்காடு இறந்ததாக வெளியிட்டார்கள். அவை கிண்ணத்தில் வளர்த்த செல்கள், தோல் போர்த்திய கை அல்ல. விரல்நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம்.

நம் தொழிற்கல்லூரிகளில் அழகியல் படிப்பு இருக்கிறது. அதை "படிப்பு ஏறாத பிள்ளைகள்" போகும் இடம் என்று நம் வீடுகளிலேயே சொல்கிறார்கள். அலைநீளம், வெப்பம் உமிழும் வினை, விளிம்பு வேகம், நோய் எதிர்ப்பு அமைப்பு எல்லாவற்றையும் ஒரு விரல் நுனியில் கையாளும் வேலையை அப்படிச் சொல்வது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், இந்த ஜெல்லுக்கு எந்த விளக்கு, எத்தனை விநாடி என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். மலேசியாவில் விற்கும் அழகுப் பொருள் என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த எண் உண்மையானதா என்று அதன் இணையப் பக்கத்தில் நீங்களே தேடலாம். நாற்பது நிறங்கள் வேண்டாம். எட்டு நிறம் போதும், மிச்சப் பணத்துக்கு ஒரு தூசு உறிஞ்சி வாங்குங்கள். அது விளம்பரப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை.