பூக்கும் காலமும் விடுப்புக் காலமும்

முன்பதிவு மேசைக்குப் பின்னால் அமர்ந்து பிழைப்பவர் நாம். ஆதலின் பயணம் என்றவுடன் அன்பர்கள் நம்மைத் தேடி வருவது இயல்பே. பெரும்பாலும் அவர்கள் வினவுவது திருநெல்வேலிக்கும் சேலத்திற்கும் செல்லும் வண்டிகளைப் பற்றியதாகவே இருக்கும். இத்திங்களிலோ தாராவி அன்பர் ஒருவரும், மாதுங்காவில் வாழும் குடும்பத்தார் ஒருவரும் வேறொரு வினாவுடன் வந்தனர். "இமயத்தின் பூப்பள்ளத்தாக்கைக் காணச் செல்வதற்கு ஏற்ற காலம் யாது?" என்பதே அவ்வினா.

ஒரே சொல்லில் விடை கூறுவதானால் 'ஆடி' எனலாம். ஆனால் அவ்வொரு சொல்லை நம்பிச் சென்ற நாமே ஒரு பாடம் கற்றுத் திரும்பினோம். ஆதலின் சற்று விரித்தே எழுதுகின்றோம்.

உத்தரகண்ட் மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில், பத்தாயிரம் அடிக்கும் மேலான உயரத்தில் உள்ளது இப்பள்ளத்தாக்கு. 1931ஆம் ஆண்டு காமெட் சிகரத்தில் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரும் அவர் தோழரும் மழையினூடே இங்கு வந்திறங்கி வியந்து நின்றனர். 1937இல் மீண்டும் வந்து தங்கிய ஸ்மித், அடுத்த ஆண்டு வெளியிட்ட நூலால் இவ்விடத்தின் புகழ் உலகெங்கும் பரவியது. 1939இல் செடிகளைத் திரட்ட வந்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் பெண்மணி பாறையில் வழுக்கி வீழ்ந்து உயிர் துறந்தார். அவரது கல்லறை இன்றும் அங்கே உள்ளது. 1982இல் தேசியப் பூங்காவாகவும், 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னத்தின் பகுதியாகவும் இவ்விடம் அறிவிக்கப்பெற்றது.

நிலத்தையும் பொழுதையும் இணைத்தே முதற்பொருள் என்றனர் நம் முன்னோர். இடத்தை மட்டும் அறிந்து காலத்தை அறியாதவன் அவ்விடத்தைப் பாதியே அறிந்தவனாவான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியைக் காண 2018இல் மூணாறுக்குச் சென்றவர் கண்டது ஒன்று. மறு ஆண்டு சென்றவர் கண்டது வேறொன்று. பூப்பள்ளத்தாக்கின் நிலையும் அதுவே.

இனித் திங்கள் வாரியாகக் காண்போம். சித்திரையிலும் வைகாசியின் முற்பகுதியிலும் பள்ளத்தாக்கு பனிக்கடியில் உறங்கும், வாயிலும் அடைத்திருக்கும். நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை அக்காலத்தில்தான். ஊர்த் திருவிழாவும் உறவினர் திருமணமும் அக்காலத்தில்தான். ஆதலின் மே மாத விடுப்பை ஊருக்கே வைத்துக் கொள்வதில் இழப்பு ஒன்றுமில்லை.

சூன் முதல் நாள் வாயில் திறக்கும். அப்பொழுது பாதையோரத்தில் பனிப்பாளம் கிடக்கும். முதற் பூக்கள் சில தலை காட்டும். பனியைத் தொட்டுப் பார்க்க விழையும் சிறுவர்க்கு இது நல்ல காலம். சூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை, அஃதாவது ஏறத்தாழ நம் ஆடி முழுவதும், பூக்கள் பொங்கி நிற்கும் காலம். நீலமும் ஊதாவும் மஞ்சளும் வெண்மையுமாக முழங்கால் உயரத்திற்குச் செடிகள் மண்டிக் கிடக்கும். ஆனால் அவற்றைப் பூக்கச் செய்யும் மழையே மலைச்சரிவைக் கரைத்துச் சாலையில் தள்ளும். செப்டம்பரில் மழை குறையும். வானம் தெளிந்து சிகரங்கள் தோன்றும். பூவோ குறைந்து விதையாகும். அக்டோபரில் இலைகள் பழுத்து மஞ்சளும் செம்மையுமாக மாறும். அத்திங்கள் இறுதியில் வாயில் அடைபடும்.

எக்காலமும் முற்றிலும் பாதுகாப்பானது எனக் கூற நாம் துணியோம். 2013ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் வந்தது சூன் 16, 17 ஆகிய நாட்களில்; பருவமழை அங்கு முறையாகத் தொடங்கும் நாளுக்கு முன்னரே! 2005 சூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழையைக் கண்ட பம்பாய்வாசிகளுக்கு மழையின் வலிமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இங்கு மழை புகைவண்டியை நிறுத்தும். அங்கு மலையையே பாதையில் கொணர்ந்து வைக்கும்.

இனி நம் கதை. மூன்றாண்டுகட்கு முன், ஆகஸ்டு முதல் வாரத்தில், அன்னையும் மனைவியும் பதினொரு வயது மகளும் உடன்வரப் புறப்பட்டோம். மகளுக்குப் பூக்களைக் காணும் ஆசை. அன்னைக்கோ நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றான திருவதரியை, அஃதாவது பதரிநாத்தை, ஒருமுறையேனும் சேவிக்கும் ஆசை. பூப்பள்ளத்தாக்கிற்கு ஏறும் கோவிந்தகாட்டிலிருந்து பதரிநாத் ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவே. ஒரே பயணத்தில் இரண்டையும் முடிக்கலாமென்று மகிழ்ந்தோம்.

கிடைத்த விடுப்பு பத்து நாள். புகைவண்டிக்கு மூன்று நாள், ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமடம் சென்று திரும்ப இரண்டு நாள், பள்ளத்தாக்கிற்கு மூன்று நாள், பதரிக்கு இரண்டு நாள் எனத் தாளில் கணக்கு மிகச் சரியாகவே இருந்தது. மழைக்கென்று ஒரு நாளும் ஒதுக்கினோம் இல்லை. கால அட்டவணையோடு வாழ்பவன் செய்யும் பிழை அது!

கர்ணபிரயாகையைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் சாலையில் மலை சரிந்து கிடந்தது. இரண்டு இரவுகள் வழியோர விடுதியொன்றில் கழிந்தன. ஜோஷிமடத்தை அடைந்தபோது எஞ்சிய நாட்கள் ஓரிடத்திற்கே போதுமானவை. பூவா, பதரியா என நாம் தயங்கி நின்றோம். அன்னையார், "பெருமாள் எங்கும் போய்விட மாட்டார், ராசா. பூ வாடிப்போகும். பிள்ளை பார்த்து வரட்டும்" என்றார்.

அன்னையை மனைவியின் துணையில் விட்டு, நாமும் மகளும் மலையேறினோம். பூக்களைக் கண்டோம். மாதுங்காப் பூக்கடைகளில் தொடுத்த மலரையே கண்டு வளர்ந்த மகள், தொடுக்காத மலரின் நடுவே வாய் பேசாது நின்றாள். அக்காட்சி நம் உள்ளத்தில் என்றும் நிற்கும். ஆயின், ஜோஷிமட விடுதியின் சன்னலருகே அமர்ந்து, பதரி செல்லும் வண்டிகளை எண்ணிக் கொண்டிருந்த அன்னையின் முகமும் அதனருகே நிற்கின்றது.

காலத்தைத் தேர்வதென்பது இடத்திற்கேற்ற திங்களைத் தேர்வது மட்டுமன்று. உடன் வருவோர்க்கேற்ற திங்களைத் தேர்வதுமாம். இளையோர் பூவைக் காண விழைந்தால் ஆடியே காலம். அத்திங்களில் ஊரில் திருமணம் இல்லாமையால் அழைப்பு மறுத்தோம் என்ற பழியும் வாராது. பள்ளியில் மட்டும் முன்கூட்டியே இசைவு பெறுக. முதியோர் தலவழிபாட்டை விழைந்தால் மே மாதமோ, மழை ஓய்ந்த செப்டம்பர் இறுதியோ நன்று. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டுவோர் ஒன்றை இழக்க நேரும்.

சில குறிப்புகள்: பயணச் சீட்டின் முன்பதிவு 2024 நவம்பர் முதல் அறுபது நாட்களுக்கு முன்னரே தொடங்குகின்றது, முன்போல நூற்றிருபது நாள் இல்லை. எக்காலத்தில் சென்றாலும் சாலைக்கென இரண்டு நாட்களைத் தனியே ஒதுக்குக. கங்கரியா என்னும் சிற்றூர் வரை ஏறுவதற்கு மட்டக்குதிரை கிடைக்கும். பள்ளத்தாக்கினுள் அதற்கு இசைவு இல்லை. இரவில் உள்ளே தங்குதலும் கூடாது. முதியோரும் நெஞ்சு நோயுள்ளோரும் மருத்துவரைக் கலந்தே புறப்படுக.

அன்னைக்கு இப்பொழுது மூட்டுவலி முற்றியுள்ளது. செம்பூர் முருகன் கோயிற் படிகளில் ஏறவும் கைத்துணை வேண்டும். எனினும் பதரிக்கு வண்டி கோயிலின் அருகு வரை செல்லும், மருத்துவரும் இசைந்துள்ளார். இவ்வாண்டு புரட்டாசியில், பன்னிரண்டு நாள் விடுப்பில், அவரை அழைத்துச் செல்லவிருக்கின்றோம். முன்பதிவு தொடங்கும் நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருப்பவர் அன்னையே.