திருமலை நாயக்கர் எப்படி இறந்தார்? மதுரை சொல்லும் இரண்டு கதைகள்

மகால் பார்க்கப் போனால், திருமலை நாயக்கரின் சாவு பற்றி யாராவது ஒரு கதை சொல்வார்கள். பட்டர் ஒருவரின் மனைவியை ரகசியமாகச் சந்தித்துத் திரும்பும்போது, இருட்டில் கிணற்றில் விழுந்தாராம். இல்லையில்லை, கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்ததால், புதையல் காட்டுவதாக நிலவறைக்குள் அழைத்துப்போய் கல்லால் மூடிவிட்டார்களாம்!

1906-ல் வந்த மதுரை கெசட்டியரும் இவற்றைச் செவிவழிக் கதையாகத்தான் சொல்கிறது. அவர் இறந்தது 1659-ல். அப்போது மதுரைப் பகுதியில் இருந்த ஏசு சபைப் பாதிரியார்கள் ஊர் நடப்பை எல்லாம் ஐரோப்பாவுக்குக் கடிதமாக எழுதியவர்கள். தங்கள் மதத்துக்காக ஒரு ராஜா கொல்லப்பட்டிருந்தால் சும்மா இருந்திருப்பார்களா?

ராஜாவுக்காவது வாதாட வரலாற்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பழி சுமக்கும் அந்தப் பட்டர் மனைவிக்கு, கதையில் பெயர்கூட இல்லை. அடுத்த முறை யாராவது இதைச் சொன்னால், ‘எப்போ எழுதினது?’ என்று கேட்டுப் பாருங்கள்.