மூலைக்கு ஓர் அட்டை

பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் பலருக்கு இன்று கோப்பெங், ஈப்போ வட்டாரத்தில் கிடங்கு வேலை அல்லது லோரி வேலை. பேலட்டில் சரக்கை அடுக்கிப் பட்டை போட்டு இறுக்குவது அவர்களுக்குக் கைப்பழக்கம். மூலையில் அட்டை வைப்பதுதான் அவசரத்தில் விட்டுப்போகிறது.

பட்டையின் அழுத்தம் பெட்டியின் விளிம்பில்தான் அதிகம் விழுகிறது. விளிம்பு நசுங்கிப் பட்டை உள்ளே புதையும். பெட்டிதானே போனது என்று விடமுடியாது. விளிம்பு உள்வாங்க உள்வாங்கப் பட்டை தளரும். ஈப்போவில் இறுக்கமாக ஏறிய சுமை, கிள்ளான் துறைமுகம் சேருமுன் ஆடத் தொடங்கும். எடையையும் நினைத்துப் பாருங்கள்: 33.33 கிலோ ரப்பர் கட்டிகள் 36 அடுக்கினால் ஒரு பேலட் 1.2 டன். திடீர் பிரேக்கில் அது சாயும் பக்கம் யாரும் நிற்காமல் இருக்க வேண்டும்!

பல அடுக்குத் தாளை ஒட்டி, 'எல்' வடிவில் செய்த மூலை அட்டை அந்த அழுத்தத்தைத் தன் நீளம் முழுக்கப் பரப்பிவிடும். பழைய பெட்டியைக் கிழித்து மடித்து வைப்பதும் நம்மிடம் உண்டு. பெயருக்குத்தான், அதுவும் சேர்ந்தே நசுங்கும். மழையில் நனையும் சரக்கு என்றால் தாள் அட்டை ஊறி வலுவிழக்கும், பிளாஸ்டிக் மூலையே நல்லது. லோரி பெல்ட்டுக்கும் அதுதான்: பெல்ட் வழுக்கி ஓடுவதால், இறுக்கும் பக்கத்து விசை மறுபக்கமும் போய்ச் சேரும், கூரான விளிம்பு பெல்ட்டை அறுக்காது.

வாங்குமுன் அடுக்கின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அட்டை மேலே துருத்தினால் அடுத்த பேலட் அதன்மேல் சரியாக உட்காராது.